சின்ன எண், பெரிய குழப்பம்

கே: போட்டோவை ‘டவுன்ஸ்கேல்’ செய்தால் விவரம் குறைகிறது. காலநிலைத் தரவை ‘டவுன்ஸ்கேல்’ செய்தால் விவரம் கூடுகிறதாமே! யார் சொல்வது சரி?

ப: இருவரும் சொல்வது சரிதான். போட்டோக்காரர் குறைப்பது பிக்சல்களின் எண்ணிக்கையை. காலநிலைக்காரர் குறைப்பது நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டத்தின் அகலத்தை. 100 கி.மீ. கட்டம் 10 கி.மீ. ஆகும்போது கட்டம் சிறுக்கிறது, விவரம் பெருகுகிறது. ‘1 டிகிரியிலிருந்து 0.25 டிகிரிக்கு’ என்று எண்ணால் எழுதிவிட்டால் வம்பே இல்லை.

கே: ‘ஹை ரெசல்யூஷன்’ என்றால் பெரிய எண்தானே?

ப: சின்ன எண். ஒரு 1 டிகிரி கட்டத்துக்குள் 0.25 டிகிரி கட்டங்கள் 16 அடங்கும்.

கே: ‘ரீகிரிட்டிங்’ என்றாலும் டவுன்ஸ்கேலிங்தானே?

ப: அல்லவே அல்ல! ரீகிரிட்டிங் என்பது இருக்கிற எண்களை வேறொரு கட்டவலைக்கு மாற்றுவது, அவ்வளவுதான். பைலீனியர் முறை பக்கத்திலுள்ள நான்கு புள்ளிகளைப் பார்த்து இடைமதிப்பைக் கணிக்கிறது. மோரில் தண்ணீர் விட்டால் சொம்பு நிறையும், தயிர் பெருகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் மூலத் தரவில் இல்லையென்றால், வழவழப்பான வரைபடத்திலும் அவை இருக்காது. அசல் டவுன்ஸ்கேலிங்குக்கு மலையும் கடற்கரையும் நுணுக்கமாக உள்ள வட்டாரக் காலநிலை மாதிரியை ஓட்ட வேண்டும். அல்லது அகலக் கட்டத் தரவுக்கும் மழைமானிப் பதிவுகளுக்கும் இடையே புள்ளியியல் உறவு காண வேண்டும். இரண்டையும் செய்யாமல் ‘நுண்தரவு’ என்று தலைப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன். அதை நம்பி யாரோ ஒரு ஊருக்கு மழைநீர் வடிகால் கட்டப்போகிறார்கள்.

கே: சிறு கட்டத்தைப் பெரிதாக்கினால் என்ன தொலையும்?

ப: உச்சம். 16 கட்டங்களில் ஒன்றில் ஒரே நாளில் 200 மி.மீ. மழை, மற்றவற்றில் துளியும் இல்லை என்று வையுங்கள். சராசரி 12.5 மி.மீ. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் முன்னது மிக கனமழை, பின்னது லேசான மழை! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய சுமார் 95 செ.மீ.யை அகலக் கட்டத்தில் தேடினால் கிடைக்காது.

கே: மொத்தத் தண்ணீரும் காணாமல் போகுமா?

ப: அது முறையைப் பொறுத்தது. ‘கன்சர்வேட்டிவ்’ முறை பரப்பளவுக்கேற்பப் பங்கிடுவதால் மொத்தம் மாறாது. மழைக்கு அதுவே ஏற்றது. வெப்பநிலைக்கு பைலீனியர் போதும். காடு, ஏரி, வயல் என்று வகை பிரித்த நிலத்தரவுக்கு அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பையே எடுங்கள். காட்டுக்கும் ஏரிக்கும் சராசரி கிடையாது.

கே: தரவு கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பது?

ப: எந்தக் கட்டத்தில் பிறந்தது, எந்த முறையில் மாற்றினார்கள் என்று. இரண்டும் எழுதப்படாத தரவைத் திருப்பி அனுப்புங்கள்.