திட்டும் உரிமைக்குச் சந்தா

விளையாட்டுக் கழகம் ஒன்றின் பொருளாளன் என்றால் அவனிடத்தில் பொருள் இருக்கும் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். அவனிடத்தில் இருப்பது ஒரு ரசீதுப் புத்தகம். அந்தப் புத்தகத்திலும் கிழித்துக் கொடுத்ததற்கு அடையாளமான அடிக்கட்டைகள் மெலிந்தும், கிழிபடாத தாள்கள் கொழுத்தும் காணப்படும். தாயில்பட்டியில் எங்கள் கபடிக் கழகத்தின் பொருளாளர் பதவி என் தலையில் வந்து இறங்கியதற்கு, நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்பதும், என் கையெழுத்து எவருக்கும் புரியும் என்பதும், சாயங்காலங்களில் எனக்குக் குறிப்பிடத்தக்க ஜோலி ஏதும் இல்லை என்பதும் காரணங்களாக எடுத்துரைக்கப்பட்டன. கபடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பால்ய பிராயத்தில் பாடி வந்த ஒருவனைப் பிடிக்கப் போய், அவன் என் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போன சரித்திரத்தை நான் சொல்ல நேர்ந்திருக்கும்.

எங்கள் வட்டாரம் கொடுக்க மனமில்லாத வட்டாரம் என்று எவரும் அபவாதம் சொல்ல முடியாது. கோயில் கொடை வந்துவிட்டால் தலைக்கட்டு வரி, கேட்பவர் வாசற்படி ஏறுவதற்கு முன்பே வெற்றிலைத் தட்டில் வந்து உட்கார்ந்துவிடும். வரி தராவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்ற பயம் ஒரு புறம், மைக் செட்டில் மற்றவர்கள் பெயரெல்லாம் முழங்கும்போது தன் பெயர் விடுபட்டுப் போகுமே என்ற பயம் மற்றொரு புறம். என் அனுபவத்தில் இரண்டாவது பயமே அதிக உக்கிரமானது. கபடிக் கழகத்தின் கையில் இந்த இரண்டு ஆயுதங்களில் ஒன்றுகூட இல்லை. எங்கள் அணித்தலைவன் ஆஜானுபாகுவானவன்தான் என்றாலும், சந்தா தராதவர்களின் கண்ணை அவன் குத்திவிடுவான் என்று எந்தப் பாட்டியும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதில்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைச் சீமையில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு முக்கிய ஹேது இவ்விடத்து வறட்சியும் வெயிலுமே என்பது எல்லோரும் அறிந்த விஷயம். வானம் பார்த்த கரிசல் பூமி விளைவித்துத் தர மறுத்த சோற்றை, அதே வானத்து வெயில் காகிதத்தையும் மருந்தையும் காயவைத்துத் தந்துவிட்டது. இதனால் வானிலை எதுவாக இருப்பினும் அது நன்கொடை மறுப்பதற்குத் தக்க நியாயமாக அமைந்துவிடுகிறது. மழை பெய்தால் சரக்குக் காயவில்லை என்பார்கள். மேகம் மூட்டம் போட்டிருந்தால் மழை வரப்போகிறது என்பார்கள். வெயில் கொளுத்தினால் மருந்து அறையில் ஆளை உட்கார வைக்கப் பயமாக இருக்கிறது என்பார்கள். இந்த ஒரு பேச்சில் மாத்திரம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் ஆடுகளத்தில் பாடிக்கொண்டிருப்பவனின் மூச்சு தானாகவே நின்றுவிடும், யார் வீட்டு ஆள் எந்த ஆலையில் என்று எல்லோரும் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

வானிலைக்கு அடுத்தபடி நீதிமன்றம். 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்து, தீபாவளியன்று வெடிப்பதற்கு இரண்டே மணி நேரம் அளித்ததிலிருந்து தொழிலுக்கு ஏற்பட்ட கவலைகள் மெய்யானவை. நான் அவற்றை மறுப்பவனல்லன். ஆயினும், பையன்களுக்கு முழங்கால் உறை வாங்குவதற்காக ஐந்நூறு ரூபாய் கேட்கப் போன என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, தீர்ப்பின் சாராம்சத்தை ஆதியோடந்தமாக எடுத்துரைத்து, "சுப்ரீம் கோர்ட்டே இப்படிச் சொன்ன பெறகு நம்ம கையில என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று கைகளை விரித்துக் காட்டியவரின் வாசலை விட்டு இறங்கும்போது, முழங்கால் உறைக்கும் ஏதோ தடை இருக்கும் போலும் என்றே எனக்கும் தோன்றிவிட்டது.

கேட்பதற்கு உகந்த காலம் எது என்று ஆராய்ந்தால், அப்படி ஒரு காலமே பஞ்சாங்கத்தில் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசி அச்சகங்களில் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடும் மும்முரம். அதற்குப் பின் தீபாவளி வரையில் தலை சொறியவும் நேரம் கிடையாது. தீபாவளி முடிந்தால் ஆலைக்கு விடுமுறை, கையில் ஓட்டம் இல்லை. தை பிறந்தால் பொங்கல் செலவு. பங்குனி பிறந்தால் பங்குனிப் பொங்கல் செலவு. தீபாவளி போனஸ் ஒருவர் கைக்கு வந்து, அங்கிருந்து ஜவுளிக் கடைக்காரர் கைக்குப் போய்ச் சேருவதற்கு இடைப்பட்ட பொழுது ஒன்று உண்டு. அந்தப் பொழுதில் ரசீதுப் புத்தகத்துடன் எதிர்ப்பட்டவனைச் சிநேகிதனாக எவரும் கருதியதில்லை.

இத்தனைக்கும் விளையாட்டு இங்கே புதிதாக முளைத்த வியாதி அல்ல. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில், சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வெளிப்பட்டன. பழங்காலத்திலேயே எங்கள் முன்னோர் தொழிலும் செய்தார்கள், ஆட்டமும் ஆடினார்கள் என்பதற்கு அவை சாட்சி. அந்த ஆட்டத்துக்கு எவர் பணம் கொடுத்தார் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. ரசீதுப் புத்தகம் எதுவும் அந்தக் குழிகளில் அகப்படவில்லை.

கபடியின் கியாதியைச் சொல்லிக் கேட்கலாம் என்றும் பிரயத்தனப்பட்டேன். 1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுக்களில் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று; அதற்கடுத்த 1994 ஹிரோஷிமா போட்டியில், பக்கத்துத் தூத்துக்குடிச் சீமையின் மணத்தி கிராமத்துக் கணேசன் இந்திய அணியில் ஆடித் தங்கம் கொண்டுவந்து, அர்ஜுனா விருதும் பெற்றார். அவருடைய வாழ்க்கையிலிருந்து உந்துதல் பெற்று மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படம் 2025-இல் வெளியானபோது, இனி வசூலுக்குக் குறைவிருக்காது என்று நான் நம்பியிருந்தேன். வசூல் தியேட்டருக்குப் போயிற்று. எங்கள் பையன்களுக்குத் தாடி மாத்திரம் வளர்ந்தது.

கழகத்தின் தேவையோ நாளுக்கு நாள் விருத்தியாகிறது. முற்காலத்தில் நாலு முளைக்குச்சியும் சுண்ணாம்பும் இருந்தால் கபடிக் களம் தயார். இப்போது பெரிய போட்டிகள் எல்லாம் மேட் என்னும் விரிப்பின் மீதே நடப்பதால், மண்ணில் பழகினவன் அங்கே போய் நின்றால் மாமியார் வீட்டில் முதல் நாள் மாப்பிள்ளை போலக் கால் வைக்கத் தெரியாமல் தவிக்கிறான். பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்துக்கு மேட் விரிப்பதென்றால் லட்சக்கணக்கில் ஆகும். ஆகவே கழகத்தின் இளைஞர்கள் புரவலர்களைத் தேடினார்கள்.

புரவலர்கள் கிடைக்கவே செய்தார்கள். இந்தத் தேசத்தில் புரவலர் என்ற பட்டத்துக்கு ஒருபோதும் ஆள் பஞ்சம் ஏற்பட்டதில்லை. ஒருவர் ரொக்கமாகத் தர இயலாதென்றும், பொருளாகத் தருவதாகவும் சொல்லி, பட்டாசு கிப்ட் பாக்ஸுகளை ஒரு வண்டி நிறைய அனுப்பிவைத்தார். தாயில்பட்டியில் பட்டாசை நன்கொடையாகப் பெற்றவன் அதை யாரிடம் விற்பான்? இறுதியாட்டத்தன்று அவற்றை எங்கள் ஆதரவாளர்களே ஆனந்தமாகக் கொளுத்தினார்கள்; நடுவரின் விசில் காதில் விழாமல், ஆட்டமிழந்த இரண்டு பேர் வெகு நேரம் களத்திலேயே ஆடிக்கொண்டிருந்ததாக எதிரணியினர் பிராது கொடுத்தார்கள். மற்றொருவர் ஜெர்சி வாங்கித் தந்தார். மார்பில் அவருடைய ஸ்தாபனத்தின் பெயரும், முதுகில் அவருடைய திருப்பெயரும், கைகளில் அவருடைய புதல்வர்கள் இருவரின் படங்களும் அச்சிடப்பட்ட பிற்பாடு, ஆட்டக்காரனின் எண்ணுக்கு இடம் போதாமல், அதைக் காலரின் கீழே ஒரு மச்சத்தின் அளவில் போட நேர்ந்தது. நான்கு வர்ணத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்த வேறொருவரின் உபகாரத்தையும் நான் மறக்கமாட்டேன்; நாடு முழுவதுக்கும் தெய்வப் படங்களை அச்சிட்டு அனுப்பும் பிரதேசமல்லவா, அந்த நோட்டீஸில் அவர் முகத்தைச் சுற்றி இருந்த ஒளிவட்டம் வெகு நேர்த்தியாக அமைந்திருந்தது.

இவர்கள் அத்தனை பேரிடத்திலும் பொதுவான ஒரு லட்சணத்தைக் கவனித்தேன். பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள், வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களின் கையைக் குலுக்குவார்கள், புகைப்படத்துக்கு நிற்பார்கள். முதல் பாட்டு ஆரம்பமாவதற்கு முன் அவர்களுடைய கார் புறப்பட்டுவிடும். தாங்கள் பணம் போட்ட அணி ஜயித்ததா தோற்றதா என்று மறுநாள் ஒருவரும் விசாரித்தது கிடையாது. பெயருக்காகக் கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது; ஆட்டம் அவர்கள் வாங்கின சரக்கில் சேர்ந்ததல்ல.

இந்த நிலையில்தான் எனக்கு விருதுநகர் ஞாபகத்துக்கு வந்தது. 1889-இல் அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பியவர்கள், வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியைச் சேர்த்துத்தான் அதை நடத்தினார்கள். பிற்காலத்தில் காமராஜர் பயின்ற பள்ளிக்கூடம் அது. பேட்டைகளில் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வந்த மகமையும் அதே ரகத்தைச் சேர்ந்தது. மகமையின் சூட்சுமம் என்னவென்றால், கொடுத்தவனுக்கே கொடுத்தது தெரியாத அளவுக்கு அது சிறியது; ஆனால் கொடுத்தவன் எவனும், பொதுப் பணம் எங்கே போயிற்று என்று உறவின்முறைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அந்த இரண்டாவது அம்சத்தை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

அமெரிக்காக்காரர்கள் மறக்கவில்லை. விஸ்கான்சின் மாகாணத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். அங்கே 1919-இல் தோன்றிய கால்பந்து அணிக்கு (காலால் அதிகம் தொடாத அவர்கள் கால்பந்து) சட்டை வாங்க 500 டாலர் கொடுத்தது, இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற மாமிசத் தொழிற்சாலை. அந்தப் பெயரில் உள்ள இந்தியாவுக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கம்பெனி மறைந்து போயிற்று. 500 டாலருக்கு வாங்கின பெயர், பேக்கர்ஸ் என்று, நூறு வருஷம் கடந்தும் அணியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஜெர்சிப் புரவலரிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் ஊரின் பெயரையே மாற்றச் சொல்லுவார். ஆனால் அணியைக் காப்பாற்றியது அந்த 500 டாலர் அல்ல. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால்கொண்ட அதே 1923-இல் அவர்கள் பொதுஜனங்களுக்குப் பங்குகளை விற்றார்கள். பின்னும் பல முறை விற்றார்கள். இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு லாபப் பங்கீடு கிடையாது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. 2021-இல் ஒரு பங்கு 300 டாலர் என்று விற்றபோதும் ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள். கிடைப்பதெல்லாம் ஒரு காகிதம், வாக்குரிமை, வருஷத்துக்கொரு முறை பொதுக்கூட்டத்தில் போய் உட்காரும் உரிமை. இதற்காகவா மனிதன் 300 டாலர் கொடுப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். கொடுப்பான். தோற்றுப்போன அணியை, "நம்முடைய அணி" என்று உரிமை கொண்டாடித் திட்டும்போது உண்டாகும் சுகத்தை, சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவன் திட்டும்போது அடைவதில்லை.

ஆகவே கழகக் கூட்டத்தில் பின்வரும் திட்டத்தைப் பிரேரேபித்தேன்: வாரச் சந்தா பத்து ரூபாய், சம்பளம் பட்டுவாடாவாகும் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை வாசலில் செலுத்தலாம், பேனரில் எவர் பெயரும் வராது, ஆனால் ரசீது வைத்திருப்பவர் எவராயினும், மாதக் கூட்டத்தில் எழுந்து அணியின் ஆட்டத்தைக் குறித்து வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், ஆட்டக்காரர்கள் குறுக்கே பேசக்கூடாது. இளைஞர்கள் சிரித்தார்கள். பெயர் போடாமல் எவன் சார் காசு தருவான் என்றார்கள்.

முதல் சனிக்கிழமை, பட்டாசுக்குத் தாள் குழாய் உருட்டும் ஆச்சி ஒருத்தி மாத்திரம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுத்து, ரசீதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். அன்று அணி தோற்றது. ஆச்சி எழுந்து நேரே அணித்தலைவனிடம் போய், "ஏலே, ஆறு பேரு நின்னாத்தானே போனசு? அஞ்சு பேரு நிக்கயில அந்தக் கோட்டுல ஒனக்கு என்னலே சோலி? என் காசு பத்து ரூவா இதுல கெடக்கு, தெரியுமா?" என்று நியாயம் கேட்டாள். சட்ட ஞானத்தில் அவள் சொன்னது முற்றிலும் சரி என்பதால் அவனுக்குப் பதில் சொல்ல வகையில்லை. இந்தக் காட்சியைக் கண்ட ஊராரிடத்தில் ஏற்பட்ட கிளர்ச்சியை எந்த நான்கு வர்ண நோட்டீஸும் ஏற்படுத்தியிருக்காது. அடுத்த சனிக்கிழமை டீக்கடை வாசலில் வரிசை நின்றது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை எனக்கு விளக்கியவர்கூட ஆள் விட்டுச் சந்தா கட்டினார், இரண்டு ரசீது கட்டினால் இரு மடங்கு பேசலாமா என்றும் விசாரித்து அனுப்பினார்.

மேட் வாங்க இன்னும் வெகு காலம் ஆகும் என்றாலும், முழங்கால் உறை வந்துவிட்டது. புதிய ஜெர்சியில் எண் பெரிதாகவே இருக்கிறது. ஆட்டக்காரர்களின் நிலைமைதான் பரிதாபத்துக்குரியது. பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் திட்டுகிறார், காய்கறிக் கடையில் கடைக்காரம்மா திட்டுகிறாள், ஆலையில் போர்மேன், சரக்கு எண்ணுகிற பாவனையில் ரசீதை எடுத்துக் காட்டிவிட்டுத் திட்டுகிறார். சென்ற சனிக்கிழமை நான் புத்தகத்தை மூடும் தறுவாயில் அணித்தலைவன் இருட்டிலிருந்து வந்து நின்றான். சந்தாதாரர் சேர்க்கையை நிறுத்திவைக்கும்படி மன்றாட வந்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். அவன் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை மேஜை மீது வைத்தான்.

"எனக்கும் ஒரு ரசீது போடுங்க சார்," என்றான். "மாசக் கூட்டத்துல நானும் எந்திரிச்சுப் பேசணும்."