லடாக் எதற்கு, எண்ணூர் இருக்க?

மன உறுதியைச் சோதிக்கச் சைக்கிளோடு லடாக் போகிறார்கள். வீண் செலவு. ராயபுரத்தில் ஏறி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை மிதித்தால் போதும்.

சைக்கிளுக்குத் தனிப் பாதை போட இங்கே யாரும் சிரமப்படத் தேவையில்லை. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது தானாகவே உண்டு. அகலம், சரியாக ஹேண்டில்பார் அளவு. மூச்சுப் பயிற்சியும் இலவசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் கழிமுகமெங்கும் எண்ணெய். மாதம் முடியுமுன், 26ஆம் தேதி நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. ஒரே மாதத்தில் இரண்டு வாசனை எந்த மலையில் கிடைக்கும்? பாதி வழியில் வாழ்க்கை வெறுத்தால், திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி வசதியாக இருக்கிறது.

உபசாரத்துக்கும் குறைவில்லை. ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் பஞ்சராகி நின்றால் கடைக்காரர் காசு வாங்கமாட்டார். டீ வரும். லாரி கிளீனர் இறங்கி வந்து செல்ஃபி எடுப்பார். "விச் கன்ட்ரி சார்?" என்று தெருவே விசாரிக்கும்.

அதே சாலையில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டு ஷிஃப்டுக்கு மிதிக்கும் நம்மூர்க்காரரையும் விட்டுவிடுவதில்லை. லாரியிலிருந்து தலையை நீட்டி அக்கறையாகக் கேட்கிறார்கள்:

"யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?"