லிஸ்பன் மாப்பிள்ளையும் வேம்பார்க் கருவாடும்

ஐரோப்பா போய்த் திரும்பியவரை விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் அடையாளம் காண்பது சுலபம். டீக்காகக் கொடுக்கும் சில்லறையை மனசுக்குள் யூரோவாக மாற்றிப் பார்ப்பார். பிறகு, உலகத்திலேயே மலிவான பானத்தைக் குடிக்கிற பெருமிதத்தோடு ஒவ்வொரு வாயாக உறிஞ்சுவார். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். அங்கே டிராமில் ஜேப்படி அதிகம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பயம் ஊர் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குத் தெளியாது.

வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் ஆனந்த விகடனில் மணியன் எழுதியதைப் படிப்பதோடு சரி. அவர் போனார், நாம் சந்தா கட்டினோம். இப்போது நிலைமை வேறு. ‘பத்து நாள், ஏழு நாடு’ என்று விளம்பரம் செய்து, சமையல்காரரையும் கூடவே பஸ்ஸில் ஏற்றிவிடுகிற டூர்கள் வந்துவிட்டன. ஈஃபிள் கோபுரத்தின் அடியில் நின்று புளிசாதம் சாப்பிடலாம். பெட்டியில் பாதி இடத்தை இட்லிப்பொடியும் ஊறுகாயும் அடைத்துக்கொள்கின்றன. திரும்பி வருகையில் அந்தப் பாதியில் சாக்லேட் வருகிறது. இதற்குப் பெயர் சுற்றுலாவா, பண்டமாற்றா என்று கேட்டால் டூர்காரருக்குக் கோபம் வரும்.

மிளகாய் வத்தல் கமிஷன் கடை அண்ணாச்சியின் மைத்துனர் அந்த ரகம் இல்லை. சென்னைக் கம்பெனியில் வேலை. ஆபீஸ் காரியமாகப் போர்ச்சுகல் போனவர், கிடைத்த சனி, ஞாயிறில் லிஸ்பன் நகரத்தைச் சுற்றித் தீர்த்துவிட்டார். இட்லிப்பொடி கொண்டு போகவில்லை, உள்ளூர்ச் சாப்பாடுதான். கோயில் கொடைக்கு விளாத்திகுளம் வந்தவர், அக்கா வைத்த கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே லிஸ்பனை விவரிக்க ஆரம்பித்தார்.

“ஏழு குன்று மேல ஊரு அத்தான். இருபத்தெட்டாம் நம்பர்னு ஒரு மஞ்சள் டிராம். வீட்டுச் சுவரை உரசிக்கிட்டுப் போகும்.”

“நம்ம மினி பஸ்ஸும் அப்படித்தான மாப்ள போகுது” என்றார் அண்ணாச்சி.

மைத்துனர் அசரவில்லை. ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்ததைச் சொன்னார். 1755-ல் வந்த நிலநடுக்கத்தில் ஊரே இடிந்ததைச் சொன்னார். ஓட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் கொண்டுவந்து வைப்பார்களாம். நம் ஊர்ச் சட்னி சாம்பார் மாதிரி சும்மா வருகிறது என்று நினைத்து இவர் தின்று தீர்த்திருக்கிறார். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு. தொடாமல் விட்டால் காசு இல்லை என்பது அந்த ஊர் வழக்கம். அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அண்ணாச்சிக்கு இந்த இடம்தான் தாங்க முடியாமல் போனது. “வெண்ணெய்க்குத் தனிக் காசா? அப்ப சால்னா ஊத்துனா என்ன கேப்பான்?”

அதோடு அவர் விட்டிருக்கலாம். “என்ன இருந்தாலும் அவனுகளுக்கு ஒறைப்புன்னா என்னன்னு தெரியாது மாப்ள. நம்ம கரிசல்ல வெளையுத சம்பா வத்தல் ஒண்ணைக் கடிச்சான்னா கப்பலைத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்” என்று ஒரு போடு போட்டார். மூன்று தலைமுறையாக வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம். முண்டுக்கும் சம்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தும்மலை வைத்தே சொல்லிவிடுவார். அவர் பேச்சை அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை.

மைத்துனர் மறுத்தார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களில்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டில் உறைப்பு என்றால் மிளகுதான். முந்திரியும் பிரேசிலிலிருந்து அதே ஆட்கள் கொண்டுவந்ததுதான். “உங்க கடைக்கு மூலதனமே அவனுக போட்டதுதான்” என்றார்.

அண்ணாச்சி சோற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: “கொண்டுவந்தவனுக்குத் திங்கத் தெரியலயே, அதுக்கு என்ன சொல்லுத?”

அன்று ராத்திரியே முடிவாகிவிட்டது. லிஸ்பன்காரன் இந்தப் பக்கம் வந்து எங்கெங்கே இருந்தான், என்ன சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனான் என்பதை மைத்துனருக்கு மறுநாள் காட்டிவிடுவது. பாஸ்போர்ட் வேண்டாம், வண்டிக்கு டீசல் போதும்.

அண்ணாச்சியின் திட்டத்தில் நியாயம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தது கோபுரம் பார்க்க அல்ல, முத்துக்காக. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று முத்துக்குளித்துறையின் ஏழு கடற்கரை ஊர்களைச் சொல்வார்கள். அதில் முதல் இரண்டும் விளாத்திகுளம் தாலுகாவிலேயே இருக்கின்றன. ஐரோப்பா பார்க்க விமானம் ஏறுகிறவர்கள் தங்கள் தாலுகா எல்லையைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை என்பது அண்ணாச்சியின் நெடுநாள் குறை.

முதல் நிறுத்தம் வேம்பார். சர்ச்சை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கருப்பட்டிக் காபி குடித்த கையோடு அண்ணாச்சி நேராகக் கருவாட்டுக்குப் போய்விட்டார். இங்கேதான் மைத்துனரின் குட்டு உடைந்தது.

லிஸ்பனில் அவர் மிகவும் ரசித்துச் சாப்பிட்டது பக்கல்யாவ். காட் என்கிற மீனை உப்பிட்டுக் காயவைத்து, பலகை மாதிரி விறைத்துக் கிடப்பதை ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிச் சமைப்பது. கடையில் அதை அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருப்பார்களாம். உள்ளே நுழையும்போதே வாசனை வந்து வரவேற்குமாம். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை விதமாகச் சமைப்போம் என்று போர்த்துக்கீசியர் பெருமை பேசுவார்கள். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவிப் பொரித்து, முட்டை ஊற்றிக் கிளறுவது அதில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இது இல்லாமல் பந்தி கிடையாது. இத்தனைக்கும் அந்த மீன் அவர்கள் கடலில் கிடைப்பதே இல்லை. நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வரவேண்டும்.

அண்ணாச்சி ஒரு வாளைக் கருவாட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தால் வளையாது, முறியும். விரலில் ஒட்டிய உப்பை நுனிநாக்கில் வைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: “அது கருவாடுதான மாப்ள?”

“கருவாடுதான் அத்தான். ஆனா...”

“போன வருஷம் அக்கா நெத்திலிக் கருவாடு குடுத்து விட்டாளே. பிளாட்டுல அசோசியேஷன்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன்னு சொன்னீகளே?”

மைத்துனர் கடலைப் பார்த்தார். சென்னை பிளாட்டில் கதவைத் தாண்டி உள்ளே விடாத ஒரு பண்டத்தைத்தான் லிஸ்பனில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில், படம் பிடித்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார். அக்கா அதற்கு இதயம் வேறு போட்டிருந்தார். இந்த விஷயத்தில் மைத்துனர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கருவாடு கடல் தாண்டினால்தான் கௌரவம் வருகிறது.

வேம்பாரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் தருவைக்குளம், அதைத் தாண்டி உப்பளங்கள். ஆல்ப்ஸ் பனியைப் பார்க்க முடியாமல் போனதே என்று மைத்துனர் வழியில் அங்கலாய்த்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி உப்புக் குவியல்களைக் காட்டினார். பனிமலை மாதிரியே இருந்தது. வெயில்தான் மண்டையைப் பிளந்தது. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதற்குக் காரணம் இந்தக் கரைதான்.

அந்த வெயில் ஊரான தூத்துக்குடியில்தான் பனிமய மாதா இருக்கிறாள். ரோமாபுரியில் ஆகஸ்ட் மாதக் கோடையில் ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாகச் சொல்லும் பழைய கதையிலிருந்து வந்த பெயர். இங்கே மாதாவின் சொரூபம் மணிலாவிலிருந்து 1555-ல் கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். இப்போதுள்ள ஆலயம் 1713-ல் எழுந்தது. 1982-ல் பேராலயம் என்ற தகுதி பெற்றது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா. அந்த நாட்களில் ஊருக்குள் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால் அதையும் புதுமைகளில் சேர்த்துக்கொள்ளலாம். லிஸ்பன் மடாலயத்தின் கல்வேலைப்பாட்டைப் பற்றி ஓயாமல் பேசிய மைத்துனர் இங்கே சத்தமில்லாமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். புரமோஷன் விஷயமாக இருக்கலாம்.

போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தது 1658-ல். ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்தது 1825-ல். கடற்கரைப் பக்கம் டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய சர்ச் இன்னும் நிற்கிறது. “அரை நாள்ல மூணு நாடு. டூர்காரன் இதுக்கு எவ்வளவு கேப்பான்?” என்று அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த மூன்று நாட்டுக்காரர்களும் எதற்காக வந்தார்களோ அந்த முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக நடந்தது 1961-ல். முத்து போய்விட்டது. தின்பண்டம் இருக்கிறது.

அந்தத் தின்பண்டம் மக்ரூன். அது செய்வதைப் பார்க்க பேக்கரியின் பின்பக்கம் போகவேண்டும். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் வழித்தெடுக்கிறார்கள். துளி மஞ்சள் கலந்தாலும் நுரை எழும்பாது. அடிக்க அடிக்க அது வெளுத்துப் பொங்கி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வரும். சர்க்கரை சேர்த்து, பிறகு முந்திரித் தூளைக் கை நோகாமல் கலக்கவேண்டும். அழுத்திக் கிண்டினால் இவ்வளவு நேரம் அடித்தது வீண். காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழியும்போது, கடைசியில் கையை வெடுக்கென்று இழுக்கிறார் மாஸ்டர். அதில்தான் அந்தக் கூர்நுனி விழுகிறது. மிதமான சூட்டில் வெகுநேரம் காய்ந்து வெளியே வரும்போது தொட்டால் நொறுங்கும். அடியில் மட்டும் முந்திரி பல்லில் லேசாக ஒட்டும். ஐரோப்பாவில் இதன் சொந்தக்காரர்கள் பாதாம் போடுவார்கள். இங்கே பாதாமுக்கு எங்கே போக? கைக்கெட்டிய முந்திரியைப் போட்டார்கள், ஊருக்கே அது பெயர் வாங்கித் தந்துவிட்டது.

லிஸ்பனில் மைத்துனர் வரிசையில் நின்று வாங்கித் தின்றது பெலேம் கடையின் முட்டைத் தட்டுப் பலகாரம். 1837 முதல் விற்கிறார்கள். செய்முறை பரம ரகசியம். அது முழுக்க மஞ்சள் கரு. மடங்களில் துறவிகளின் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சளை இப்படிப் பலகாரமாக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. லிஸ்பனில் மஞ்சள், தூத்துக்குடியில் வெள்ளை. இரண்டு ஊரையும் சேர்த்தால் முழு முட்டைக்கும் கணக்கு நேராகிவிடுகிறது என்றார் அண்ணாச்சி. கமிஷன் கடை வைத்திருப்பவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

மக்ரூனைத் தின்றுகொண்டே மைத்துனர் ஒரு நல்ல தகவலும் சொன்னார். முதன்முதலில் அச்சேறிய தமிழ்ப் புத்தகம் அச்சானது லிஸ்பனில், 1554-ல். ரோமன் எழுத்தில் தமிழ், கிறிஸ்தவ மந்திரங்கள். அதற்குத் தமிழ் தெரிந்த இந்தியர் மூன்று பேர் அங்கே இருந்து உழைத்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்குப் புத்தகத்தைவிட அந்த மூன்று பேர் மேல்தான் அக்கறை. “அத்தனை மாசம் அங்கன என்னத்தச் சாப்பிட்டிருப்பாக? ஒரு ரசம் உண்டா, மோரு உண்டா?”

இருட்டியதும் அண்ணாச்சி நைட் கிளப் போகலாம் என்றார். மைத்துனர் திகைத்துப்போய், அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். தூத்துக்குடியில் ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர் என்பது அவருக்கு மறந்துவிட்டிருந்தது. எண்ணெய்க்குள் கிடந்து மொறுமொறுவென்று வந்த பொரிச்ச பரோட்டாவை இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றினார்கள். கூடவே வெங்காயமும் வந்தது. மைத்துனர் பழக்கதோஷத்தில் வெங்காயத்தைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கிவைத்தார். மூன்றாவது தடவை சால்னா வாளியோடு வந்த பையனைக் கை காட்டித் தடுத்து, “இதுக்குத் தனியாப் போடுவீங்களா?” என்றும் கேட்டுவிட்டார்.

பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். “சார் வெளியூரா அண்ணாச்சி?”

திரும்பும்போது வண்டியில் ஒரு சிக்கல். மக்ரூன் பெட்டி குலுங்கினால் தூளாகிவிடும், காற்றுப் பட்டால் நமத்துவிடும். ஆகவே ஏசி வருகிற முன் சீட்டில் அண்ணாச்சியின் மடியில்தான் அது வரவேண்டும். வேம்பாரில் வாங்கிய வாளைக் கருவாட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. மைத்துனரும் கருவாட்டு மூட்டையும் பின் சீட்டுக்குப் போனார்கள்.

“ஜன்னலைத் தொறக்கட்டுமா அத்தான்?”

“தொறக்காத மாப்ள, ஏசி போயிரும். பக்கல்யாவ்னு நெனச்சுக்கிட்டு வா.”