முகப்பின் மூக்கு

கிரானைட் தூண், கண்ணாடிக் கைப்பிடி, வாசலில் பித்தளை எழுத்தில் வீட்டின் பெயர். அத்தனையும் முடிந்து பெயின்ட் காயும் முன்பே வீட்டுக்காரர் கண்ணில் உறுத்துவது, பக்கச்சுவரை ஒட்டிக் கொக்குபோல நிற்கும் செப்டிக் டேங்க் ஏர் பைப்தான். "எலிவேஷனே போச்சு, பாதியில அறுத்துடுங்க" என்கிறார், பிளம்பரும் அறுத்துவிடுகிறார். மொட்டை மாடிக்கு மேலே போய்க்கொண்டிருந்த நாற்றம் ஒரு மாடி இறங்கிவந்து, படுக்கையறை ஜன்னலோரம் வாடகை தராமல் குடியேறுகிறது. பைப்பை எப்படி வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம், அதன் உயரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. டேங்க்குக்குள் பாக்டீரியாக்கள் விடுமுறையே எடுக்காமல் வாயு தயாரிக்கின்றன. அதில் மீத்தேனுக்கு மணமில்லை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடின் உபயம். ஒவ்வொரு முறை நாம் ஃப்ளஷ் செய்யும்போதும் உள்ளே போகும் தண்ணீர் அங்கிருக்கும் காற்றை நெட்டித் தள்ளும். மேலே போக வழியில்லையென்றால் அது கழிவறைக் கோப்பையில் தேங்கியிருக்கும் தண்ணீரைக் குமிழியிட்டுக்கொண்டு நம்மைப் பார்க்க வந்துவிடும். பக்கத்தில் கட்டடம் 15 மீட்டருக்குள் இருந்தால், பைப் அதன் உச்சியைவிட 2 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிரவுண்ட் மனையில் டேங்க்கிலிருந்து 15 மீட்டர் தள்ளி வீடு கட்டினால், அது பெரும்பாலும் பக்கத்து மனைக்காரருக்குத்தான் சொந்தமாகும்.

"அதற்காக வீட்டுத் தலையில் கொம்பா?" என்று கேட்பவர்கள் சிட்னியைப் பார்க்கலாம். அங்கே 1857இல் ஹைட் பூங்காவில் சாக்கடைக் காற்றுக்கு ஒரு போக்கு தேவைப்பட்டது. அதை எகிப்திய ஸ்தூபி வடிவத்தில் சுமார் 22 மீட்டர் உயரத்துக்கு எழுப்பி, திறந்தும் வைத்தார்கள். மேயர் ஜார்ஜ் தார்ன்டன் பெயரால் 'தார்ன்டனின் சென்ட் பாட்டில்' என்று ஊரே கேலி செய்தது உண்மைதான். ஆனாலும் உருவத்தைத்தான் மாற்றினார்கள், உயரத்தைக் குறைக்கவில்லை. பைப்பே வேண்டாம், ஒருவழி வால்வு போதும் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அந்த வால்வு வெளிக்காற்றை உள்ளே விடும், உள்ளிருப்பதை வெளியே விடாது. கல்யாண மண்டபத்து வாசலுக்குச் சரி, செப்டிக் டேங்க்குக்கு ஆகாது. ஆகவே பைப்பைத் தெருப் பக்கம் விடாமல் பின்மூலைக்குக் கொண்டுபோங்கள். அதற்கும் சுவரின் நிறத்தையே அடியுங்கள். ஆசையிருந்தால் செங்கல் தூணுக்குள் விட்டு மேலே கலசம்போல் ஏதாவது செய்துகொள்ளுங்கள், வாய் மட்டும் திறந்திருக்கட்டும். திறந்த வாய் கொசுவுக்கு ராஜபாட்டையாயிற்றே என்பது நியாயமான கவலை. அதற்கு நைலான் வலை கட்ட வேண்டும். நம் வழக்கப்படி பழைய பனியனைச் சுருட்டி அடைத்தால், பைப்பை அறுத்ததும் ஒன்று, அடைத்ததும் ஒன்று. வலை வெயிலில் இற்றுப்போகும். அதை மாற்ற ஏணி தேடிச் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. வருஷா வருஷம் திருஷ்டி பொம்மையைப் புதுசாகக் கட்ட எப்படியும் மேலே ஏறத்தானே போகிறோம்?