வானம் தோண்டுவதற்கு முன்பே வாங்கிய வீடு

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 1998-க்குப் பிறகு மேற்கே பார்க்கத் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில்தான் மாதாப்பூரில் சைபர் டவர்ஸை வாஜ்பாய் திறந்துவைத்தார். பாறையும் புதருமாகக் கிடந்த பக்கத்துக்கு வேலை போனது. வேலையின் பின்னாலேயே வீடுகளும் போயின. கட்டி முடித்த ஃப்ளாட் எங்கள் சம்பளத்துக்கு எட்டவில்லை. கட்டப்போகிற ஃப்ளாட் எட்டியது. அப்படித்தான் சில வருஷம் கழித்து நிஜாம்பேட்டையில், வானம்கூடத் தோண்டாத ஒரு மனையில், மூன்றாம் மாடியில் கிழக்குப் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம்.

கிழக்கு வாசல் கிடைத்ததே முன்னால் போனதால்தான். வாஸ்து பார்க்கிற ஊர் இது. எந்தக் கட்டடத்திலும் கிழக்கு வாசல் வீடுகள்தான் முதலில் தீரும். பணமும் ஒரே மூச்சில் போகவில்லை. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு தளத்துக்கும் இவ்வளவு என்று வங்கி இன்ஜினியர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே கடன் பகுதி பகுதியாக இறங்கியது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது, வீடு உருவாவதைக் கண்ணால் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நிற்போம். பாலமூர் (மகபூப்நகர்) பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த தொழிலாளர்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பூசிய சுவருக்குத் தண்ணீர் விடுகிறார்களா, தூணில் கம்பி எத்தனை எண்ணம், குளியலறைத் தரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டதுதான். பூச்சும் வண்ணமும் ஏறிய வீட்டில் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. சமையலறையில் கிரைண்டர் வைக்க ஒரு மேடையும் அதற்கு ஒரு பிளக் பாயின்ட்டும் வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். கொத்தனார் அன்றைக்கே சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். பூஜை அலமாரிக்காக ஒரு சுவர் ஓர் அடி நகர்ந்தது.

பில்டர் அதே தெருவில் குடியிருந்தார். மனை கொடுத்தவருக்குப் பங்காகக் கிடைத்த வீடுகளும் அதே கட்டடத்தில்தான் இருந்தன. கட்டடம் ஒழுகினால் மனைக்காரர் தலையிலும் ஒழுகும். எங்களுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிற நண்பர்களிடம் இதைத்தான் சொல்வேன்: எங்களைச் சட்டம் காக்கவில்லை, வாய்த்த மனிதர்கள் காத்தார்கள். வாய்க்காதவர்களும் இருந்தார்கள்.

பஞ்சாயத்து அனுமதி ஒன்றாகவும் எழுப்பிய மாடிகள் வேறாகவும் இருந்த கட்டடங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய. 2007 கடைசியில் அபராதம் கட்டி வரைமுறைப்படுத்தும் திட்டம் வந்தபோது, தாங்கள் செய்யாத தவறுக்கு வீடு வாங்கியவர்கள் பணம் கட்டினார்கள். நிஜாம்பேட்டைக்குப் பக்கத்தில் பாச்சுப்பள்ளியில், சத்யம் மென்பொருள் நிறுவனத்தை நடத்திய ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேடாஸ் ப்ராபர்ட்டீஸ் நிறுவனம் ஹில் கவுண்டி என்ற பெரிய குடியிருப்பைக் கட்டிவந்தது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கணக்குகளில் செய்த மோசடியை ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டதும் அங்கே வேலை நின்றது. பாதி எழும்பிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வாங்கியவர்கள் வங்கித் தவணை கட்டினார்கள். பிறகு ஐஎல் அண்டு எஃப்எஸ் குழுமம் பொறுப்பேற்றுத்தான் வேலை தொடர்ந்தது. ஊரறிந்த பெரிய பெயர்கூட உத்தரவாதம் ஆகாது என்பதை அந்தச் சுற்றுவட்டாரம் அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

இப்படி நாடு முழுவதும் பட்டவர்கள் போராடிப் பெற்றதுதான் 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம். 2017 மே 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டுகிறவர் அந்தச் சட்டப்படி அமைந்த ரேரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த மனைக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதை எடுக்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தாமதமானால் காத்திருக்கிறவருக்கு வட்டி, அதனால் விலகுகிறவருக்கு வட்டியோடு பணம். கட்டுமானக் குறையை ஐந்து ஆண்டுகளுக்குள் சொன்னால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்கள் காலத்தில் இந்தச் சட்டம் எங்களுக்குக் கிடையாது.

இவ்வளவு பாதுகாப்பையும் இன்றைக்கு நம் பிள்ளைகள் தாங்களாகவே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் என் மனதை அறுக்கிறது. கச்சிபவுலியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒருநாள் பளபளப்பான காகிதக் கட்டோடு வந்தான்.

"மாமா, வெளியில சொல்ற விலையில ஏறக்குறைய பாதிதான். ஆனா முழுசையும் இப்பவே கட்டிடணும்."

"ரேரா நம்பர் என்னப்பா?"

"பர்மிஷன் வந்ததும் வாங்கிடுவாங்களாம். அதுக்கு முன்னாடியே குடுக்கறதாலதான் இந்த விலைங்கறாங்க."

ப்ரீ-லாஞ்ச் என்று இதற்குப் பெயர். இன்னொரு வகையும் உண்டு: யூடிஎஸ். மனையில் பிரிபடாத பங்கை மட்டும் நம் பேருக்குப் பதிந்துகொடுத்து, அதன் மேல் வரப்போகிற வீட்டுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். விலை ஏன் பாதி என்று அவனோடு உட்கார்ந்து பேசினேன். மனை வாங்கவும் அனுமதி பெறவும் பில்டருக்குப் பணம் வேண்டும். வெளியில் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும், சொத்தை அடமானம் வைக்க வேண்டும். நம்மிடம் வாங்கினால் ஒரு ரசீது போதும். அனுமதி வராத திட்டத்தை நம்பி வங்கி வீட்டுக்கடன் தராது; அதனால் நகையையும் ஊர் நிலத்தையும் விற்றுத்தான் இந்தப் பணத்தைத் திரட்டுகிறார்கள். வங்கி இறங்க மறுக்கிற இடத்தில் சம்பளக்காரன் ஏன் இறங்க வேண்டும்?

கதையாகச் சொல்லவில்லை. அமீன்பூரில் சர்வாணி எலைட் என்ற திட்டத்தின் பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பணம் வாங்கிக்கொண்டு கட்டித் தரவில்லை என்ற புகாரில், சாஹிதி இன்ஃப்ராடெக் நிறுவனத் தலைவரை ஹைதராபாத் போலீஸ் 2022 டிசம்பரில் கைது செய்தது. 2024-இல் அமலாக்கத் துறையும் அவரைக் கைது செய்தது.

தங்கை மகன் அந்தக் காகிதக் கட்டை ஒதுக்கிவிட்டு, வெளிவட்டச் சாலைப் பக்கம் பதிவான திட்டம் ஒன்றில் வாங்கினான். அதுவும் இன்னும் எழும்பாத கட்டடம்தான். கூடுதலாகக் கொடுத்தான், 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு அந்த வரி இல்லை என்பதால், முன்னால் வாங்குவதன் லாபத்தைக் கணக்குப் போடும்போது அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். அலுமினியச் சட்டங்களை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் காங்கிரீட்டில் வார்ப்பதால், பூஜை அலமாரிக்கு ஓர் அடி நகர்த்துவது இனி நடக்காது. தரைக் கல், பிளக் பாயின்ட் ஆகியவற்றை இன்னமும் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

முன்கூட்டி வாங்க நினைக்கிற நண்பர்களே, தாராளமாக வாங்குங்கள். ஆனால் தெலங்கானா ரேரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் எண்ணைத் தேடி, வரைபடத்தையும் முடிக்க வேண்டிய தேதியையும் படித்துவிட்டு வாங்குங்கள். மனை ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் வருகிறதா என்று ஹைதராபாத் பெருநகர வளர்ச்சிக் குழுமமான எச்எம்டிஏவின் வரைபடத்தில் பாருங்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் ஹைட்ரா என்ற அரசு அமைப்பு 2024 ஜூலையில் அமைந்த பிறகு ஏரிக்குள் எழுந்த கட்டடங்கள் பல இடிபட்டிருக்கின்றன. எண் இல்லாத திட்டத்துக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.