எமரால்டு நச்சினார்க்கினியர்

நீலகிரியில் எங்கள் எமரால்டு பஜார் டீக்கடையில் யாராவது செல்போனில் பாட்டுப் போட்டால் போதும், "இது யாரைச் சொல்றான் தெரியுமா?" என்று கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பும். எங்கள் ஊர்ப் பையன்கள் இயர்போன் வாங்கியதே இவருக்குப் பயந்துதான்.

தமிழையா ஒருவர் இவருக்கு வைத்த பெயர் நச்சினார்க்கினியர். அந்த உரையாசிரியர் பத்துப்பாட்டில் இங்கே ஒரு சொல்லையும் பல அடி தள்ளி இன்னொரு சொல்லையும் பிடித்து இழுத்து மாட்டி, பொருள் சொல்வார். நம்மவர் கயிறு இன்னும் நீளம். ஒரு சொல் லிவர்பூலில் கிடக்கும். மாட்டவேண்டிய சொல் பக்கத்து அவலாஞ்சியில் இருக்கும்.

பீட்டில்ஸ் 1967-இல் லூசி என்கிற பெண்ணைப் பற்றிப் பாடியது போதை மருந்தைத்தான் என்பார். 'என் பையன் ஜூலியன் பள்ளிக்கூடத்தில் வரைந்த படம் அது' என்று ஜான் லெனன் சொல்லிவிட்டாரே என்றால், "எழுதினவனுக்கு என்ன தெரியும்?" 1969-இல் வந்த 'ஆபி ரோடு' அட்டைப்படத்தில் பால் மெக்கார்ட்னி வெறுங்காலோடு ரோட்டைக் கடக்கிறார், ஆகவே அவர் இறந்துவிட்டார் என்று உலகமே அப்போது வதந்தி பேசியது. இவர் அதை இன்னும் விடவில்லை. "செருப்பில்லாம நடக்கிறவன் செத்தவன்னா, நம்மூர் கேரட் தோட்டத்துல பாதிப்பேர் எப்பவோ போயிருக்கணுமே" என்றார் டீக்கடைக்காரர்.

ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வைச் சாத்தான் பாட்டு என்றார்கள் அமெரிக்காவில் சிலர். வெளியேறவே முடியாத அந்த ஹோட்டல் இவருக்கு எமரால்டேதான்: கடைசி பஸ் போய்விட்டால் இங்கிருந்து யார் வெளியேற முடியும்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டி, மண் சரிந்து ரோடு அடைபட்டதா, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?"

வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாது. 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்தில் காதலி தோழியைச் சிவகாமி மகனிடம் தூது அனுப்புவாள். காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி. கண்ணதாசன் விட்ட தூது அது என்பது ஊரறிந்த கதை. அந்த ஒரு பாட்டின் வட்டியில்தான் இவர் இன்றுவரை பிழைக்கிறார்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தேர்தல் நேரம் வேறு. பாட்டில் வருகிற நாய்க்கு ஒரு கட்சி, நரிக்கு ஒரு கட்சி ஒதுக்கிவிட்டார். பூனை விஷயத்தில் மட்டும் தொகுதிப் பங்கீடு இழுபறி. வர்க்கி வாங்க நின்றிருந்தார் டேன்டீ தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பாட்டி ஒருவர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பாட்டை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்தான், அறிவே சொன்னது.

"இதுல மறைச்சு வைக்க என்ன தம்பி இருக்கு? காட்டை அழிச்சுத் தேயிலை போட்டது நாங்க. போய்ட்டு வாங்கன்னுட்டாங்க. அதைத்தானே அந்தப் பய பாடுறான்?"

கடையில் சத்தமே இல்லை. நச்சினார்க்கினியர் கிளாஸைக் கீழே வைத்தார்; குல்லாவைச் சரிசெய்தார்.

"வாஸ்தவம் பாட்டி. மேலோட்டமா பார்த்தா அப்படியும் ஒரு அர்த்தம் வரும்."