துணைக்கு ஒரு கோச்

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் துணைப் பயிற்சியாளர்கள் சிலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அந்த ஃபுட்பாலைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். அது அவர்கள் பாடு.

காலால் ஆடும் மண்டைக்காட்டுப் பக்கம் அப்படியொரு பதவியே கிடையாது. கல்லூரியில் இருப்பவர் உடற்கல்வி இயக்குநர் ஒருவர். கபடி முதல் செஸ் வரை அவர் தலையில். அவர் பின்னால் நடக்கும் முன்னாள் மாணவன்தான் துணைப் பயிற்சியாளர். பந்துக்குக் காற்றடிப்பான், வலை கட்டுவான், வருகைப்பதிவு குறைந்த லெஃப்ட் விங்குக்காகத் துறைத்தலைவரிடம் பல்லிளிப்பான். மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும், காணாமல்போன கோல்கீப்பரைப் பகவதி அம்மன் கோயில் கூட்டத்தில் தேடுவான். சம்பளம்? "மக்கா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போ."

முன்னேற வழி உண்டு. டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ்களைக் கைக்காசில் ஏறவேண்டும். பிறகு மேலே இருப்பவர் விழவேண்டும். ஐஸ்வால் அணியை 2017-இல் ஐ-லீக் சாம்பியனாக்கிய காலித் ஜமீலே, நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். இவர் இடைக்காலமாக ஏறினார், அணி அரையிறுதிக்குப் போனது. 2025-இல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர்.

நம் பி.டி. சாரோ நிரந்தரப் பணியில் இருப்பவர். ஏழு கோல் வாங்கினாலும் அவரை யாரும் நீக்கப்போவதில்லை.

துணைப் பயிற்சியாளருக்குப் பார்த்த பெண் வீட்டார் "பையனுக்கு என்ன சோலி?" என்று கேட்கிறார்கள். "காலேஜிலதான் இருக்கான்" என்கிறாள் அம்மை.

"எத்தனாவது வருசம் படிக்கான்?"